நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு

மேகாலயாவின் சுண்ணாம்புப் பாறைக்குள்
பதினொரு மணி நேரம் நடந்து, தவழ்ந்து, நீந்தி
பென்சிலில் குறித்துக்கொண்டு வந்ததெல்லாம்
புழுதிவாக்கம் இரண்டாவது மாடியில்
ஃபேன் காற்றுக்குப் பறக்காமல்
நாலு மூலையிலும் டம்ளர் வைத்து
விரிந்து கிடக்கிறது.

நிலையம் 39. திசை நூற்றுப் பன்னிரண்டு. சரிவு கீழே ஏழு.
நிலையம் 40. கூரை தாழ்கிறது. தண்ணீர் முழங்கால்.
நிலையம் 41. ஹெப்சிபா தன் நகப்பூச்சால்
பாறையில் சிவப்பாய்ப் பொட்டு வைத்த இடம்.
அதற்கப்புறம் எண் இல்லை.
அவள் கட்டைவிரல் இருக்கிறது,
சேற்றில், ரேகை தெரிய.

போன் செய்தேன். அம்பத்தூரில் ஷிப்ட் இடைவேளை.
"புள்ளிக்கோடு போட்டு ஒரு கேள்விக்குறி வையேன்"
என்கிறாள், வடையை மென்றுகொண்டே.
எத்தனை மீட்டர் என்று ஞாபகமில்லையா?
"நான்தான் முன்னாடி போயிட்டேனே.
மாட்டிக்கிட்டது நீ."

ஆமாம், நான்தான்.
ஹெல்மெட்டைப் பக்கவாட்டில் திருப்பி
கன்னம் கல்லில் உரச
இடுப்பு நின்றுபோன இடம்.
மூச்சை வெளியே விட்டால்
ஒரு விரற்கடை நகரலாம்.
உள்ளே இழுத்தால் மலையும் சேர்ந்து இழுக்கும்.
அந்தப் பக்கம் டேப்பின் நுனியைப் பிடித்தபடி
அளவு சொல்லு, அளவு சொல்லு என்றாள்.
சொன்னேன். அவள் எழுதினாள்.
என்ன சொன்னேன்?

எண்தான் மறக்கும், உடம்பு மறக்காது என்று நம்பி
இரும்புக் கட்டிலுக்கு அடியில் படுத்தேன்.
கையில் தையல் டேப்.
பழைய காஸ் ரசீது, ஒற்றைக் கம்மல் திருகாணி,
மல்லாந்து செத்த கரப்பான்.
கண்ணை மூடி
அன்று எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் ஊர்ந்தேன்.
கட்டில் முடிந்தது. பீரோ சந்து முடிந்தது.
சமையலறையில் சிலிண்டரில் தலை முட்டியபோது
இங்கேதான், இங்கேதான் நிமிர்ந்தாய் என்றது தோள்.
கீழ்வீட்டிலிருந்து தாவூத் பாய்:
"என்னம்மா, ராத்திரி பதினொரு மணிக்கு
பீரோவை நகத்துறீங்க?"

ஆறு மீட்டர் நாற்பது.

ஆனால் அந்தக் குகை
புறப்பட்ட இடத்துக்கே எங்களைத் திருப்பிக் கொண்டுவிட்டது.
ஆகவே கணக்கும் அங்கேதான் வந்து சேரவேண்டும்.
சைன், காஸ் போட்டுப் பார்த்தேன்.
அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.
விடுபட்ட துண்டு இரண்டு மீட்டர் பத்து.
கட்டிலின் நீளம்கூட முழுசாய் இல்லை.

மீதி நாலு மீட்டர் முப்பது
எந்தப் பாறையிலும் கிடையாது.
மையில் இரண்டு பத்தை வரைந்துவிட்டு
ஸ்கேலை வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
முகம் கழுவப் போனால் போர் தண்ணி.
வாளி விளிம்பில், குழாய்க் கழுத்தில்
வெள்ளையாய்ப் பொரிந்து நிற்கிறது, தினமும் தேய்க்கிற அதே காரை.

காலையில் வண்டி எடுக்க இறங்கினேன்.
பார்க்கிங்கில், செயலாளரின் ஸ்கூட்டருக்கு மேலே
கசிகிற கூரையிலிருந்து ஒரு குச்சி.
பேனா ரீஃபில் தடிமன். உள்ளே துளை.
நுனியில் ஒரு சொட்டு,
விழலாமா என்று யோசித்துக்கொண்டு.
கான்கிரீட்டில் இருந்த சுண்ணாம்பு
மெயின்டனன்ஸ் கட்டாமல், யாரையும் கேட்காமல்
இறங்கி வந்திருக்கிறது.
ஞாயிற்றுக்கிழமை ஆள் வந்து பூசிவிடுவார்
என்று தூணில் நோட்டீஸ்.

டேப் பையிலேயே இருந்தது.
மூன்று சென்டிமீட்டர் எட்டு.
நகப்பூச்சு என்னிடம் கிடையாது.
நெற்றியிலிருந்து ஸ்டிக்கர் பொட்டை உரித்து
நோட்டீசுக்குச் சற்றுக் கீழே ஒட்டினேன்.

நிலையம் 1.
தண்ணீர்: சொட்டு.
கூரை: நின்றால் தலை இடிக்காது.