பதின்மூன்றாம் மணி

மாக்வாலாவின் பழைய கணினி
பதின்மூன்றாம் மணியில் செத்துப்போகும்.
பன்னிரண்டில் அல்ல, பதின்மூன்றில்.
அவள் போடுவதோ பதினான்கு மணிநேரக் கணக்கு:
ஜ்வாரி கணவாய்க்கு மேலே
எந்தச் சரிவில் எவ்வளவு பனி, எப்போது பெயரும்.
திரை நீலமாகிவிடும்.
பனி பாதி மலையில்
அந்தரத்தில் நிற்கும்.

இரண்டாயிரத்து நானூறு லாரி சேர்த்தாள்.
(பயப்படாதீர்கள், ஜார்ஜியாவில்
லாரி என்றால் பணம்.)

மின்கட்டண ரசீதின் முதுகில் பட்டியல்.
தம்பி ஜும்பெருக்குக் கண்ணாடிப் பெட்டி வேண்டும்,
உள்ளே வானவில் சுற்றும் விசிறிகள்.
"மயிலா வளர்க்கிறோம்?" என்று
தகரப்பெட்டி என எழுதினாள்.
செயலி, போன வருடத்தது.
ஒரு வருடம் ஊர் வாயில் விழுந்து
எழுந்து வந்தது.

நினைவகத்தில்தான் பிடிவாதம்.
தன் பிழையைத் தானே திருத்துவது, விலை ஒன்றரை மடங்கு.
ஒரே ஒரு பிட் புரண்டால் போதும்,
பூஜ்யம் ஒன்றாகும்,
பனி அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஏறும்,
அதையும் மூன்று தசமத்துக்குச் சுத்தமாக
அச்சிட்டுத் தரும்.
செத்தால் தெரிந்துவிடும்.
பொய் சொன்னால்?

தாய்ப்பலகை அதை ஏற்குமா என்று
கம்பெனிக்கு எழுதினாள்.
ஒன்பதாம் நாள் பதில்: ஏற்கலாம்.
ஒரு 'லாம்' மேல்
எத்தனை டன் பனியை நிறுத்துவது?
வேறு பலகை வாங்கினாள்.

மிச்சம் நூற்றுப் பத்து.
மின்வழங்கி இன்னும் வாங்கவில்லை.

திதுபேயில் முதல் கடை.
அட்டைப்பெட்டியில் தங்க நட்சத்திரம்,
ஆயுள் உத்தரவாதம்.
யாருடைய ஆயுள் என்று அதில் இல்லை.
தூக்கிப் பார்த்தாள். காற்றாய் இருந்தது.
அப்படியே கீழே வைத்தாள்.

நிலவறைக் கடையில் நோதார்,
மூடிப்போன லாட்டரி அலுவலகத்திலிருந்து
கழற்றி வந்த ஒன்றை மேசையில் வைத்தார். கனத்தது.
கேட்பதற்கு முன்பே சொன்னார்:
"மூன்றாம் மணியில் விசிறி முனகும்.
அரைமணியில் அடங்கும்.
ஏன் என்று எனக்குத் தெரியவில்லை."
பிறகு ஒரு தாளை நீட்டினார்.
இரண்டு நாள் முழுச்சுமையில் ஓட்டி,
மணிக்கொரு முறை எழுதிய வோல்ட் கணக்கு.
பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் நான்கு.
பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் மூன்று.
மறுபடி நான்கு.
இரவு இரண்டு மணிக்கு நேராக:
தூங்கிவிட்டேன்.

அந்த வரியில் அவள் விரல் நின்றது.
பேரம் பேசாமல் காசை எண்ணிக் கொடுத்தாள்.

சமையலறை மேசையில் பூட்டினாள்.
ஒரு திருகாணி குறைந்தது;
மறுநாள் செருப்புக்குள் குத்தியது.

முதல் ஓட்டம்.
மூன்றாம் மணியில் முனகல்.
அள்ளிப் பிடித்து எழுந்தவள்
நோதாரை நினைத்துச் சிரித்தாள்.
பதின்மூன்றாம் மணியில்
கழுவிய தட்டுகளையே மறுபடி கழுவினாள்.
திரைப்பக்கம் திரும்பவில்லை.
பதினான்கில் பனி
முழு மலையும் இறங்கி முடித்தது:
மூன்றாம் சரிவு, வியாழன், விடியலுக்கு முன்.

சாலை அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.
"நிச்சயமா?" என்றான் எடுத்தவன்.
நிச்சயம் என்று சொல்ல வாயெடுத்து,
"உச்சியில் ஒரு காற்றுமானி
நேற்றிரவு ஒரு மணிநேரம் எதுவும் பதியவில்லை.
அந்த ஒரு மணிநேரம் எனக்குத் தெரியாது.
மற்றதெல்லாம் தெரியும்" என்றாள்.
மறுமுனையில் கொஞ்ச நேரம்
பேனா கீறும் சத்தம்.
"மூடிவிடுகிறோம்."

புதன் இரவு அடிவாரத்தில்
சரக்குந்துகள் மூன்று மைலுக்கு நின்றன.
ஓட்டுநர்கள் கெட்ட வார்த்தையில்
யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் திட்டினார்கள்.

"ஒரு விளக்காவது போட்டிருக்கலாம்"
என்றான் ஜும்பெர், தகரப்பெட்டியைத் தட்டி.
"இருக்கிறதே" என்றாள்.
மூடியைக் கழற்றி, குனியச் சொன்னாள்.
பலகையின் ஓரத்தில்
அரிசியளவு பச்சை.