ஐந்தாம் வசனம்

பத்தொன்பது வருஷம், தவராஜ்,
டத்தோ கெராமாட் சாலை மாமாக் கடையில்
ஒரே மேசை.
நீ லுத்தரன். பச்சைப் பிள்ளை தலையிலும் தண்ணீர் ஊற்றுவாய்.
நான் பாப்டிஸ்ட். விசுவாசித்துத் தானாக இறங்கினால்தான் ஞானஸ்நானம்,
மற்றதெல்லாம் குளியல் என்பேன்.
ஒரு கிரேக்கச் சொல்லுக்காக
ஒருமுறை கரண்டி பறந்தது.

மூன்றாம் அதிகாரம் வரும்போதெல்லாம்
நாலாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்வாய்.
"அண்ணே, இன்னொரு தே தாரிக்."
பதில் தெரியாமல் முழிக்கிறாய் என்று
வீட்டில் கிருபாவிடம் பீற்றிக்கொள்வேன்.
அவள் பேசாமல் துணி மடிப்பாள்.

நேற்று உன் பேத்தி.
பெரியாஸ்பத்திரியில் நாலே நாள்.
தாதி குழாய்த் தண்ணீரில் மூன்று சொட்டு வைத்தாளாம்.
வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நல்ல மழை.
ஒரு கையில் தூக்கக்கூடிய பெட்டி.
நீ இரண்டு கையாலும் தூக்கினாய்.
நான் குடை பிடித்தேன்.
அந்த மூன்று சொட்டைப் பற்றி
என்னிடம் ஒரு முழுப் பிரசங்கம் இருந்தது.
வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் உறைத்தது.
நாம் பழகத் தொடங்கிய வருஷம்
ஏழாம் மாதத்திலேயே போனான் எங்கள் பையன்.
சொட்டும் இல்லை, பெயரும் இல்லை.
ஐந்தாம் வசனத்தை நீ ஒருநாள் சொல்லியிருந்தால்
அவன் கதவுக்கு வெளியே நின்றிருப்பான்.
உன்னிடம் இருந்ததிலேயே கூரான கத்தி அது.
இத்தனை வருஷமும்
தேநீரில் முக்கி வைத்திருந்தாய்.

நான் மாறவில்லை.
நீ சொல்வது இன்னமும் தப்புதான்.
முடிந்தால் சனிக்கிழமை வா.
ஆறாம் வசனத்திலிருந்து
ஆரம்பிக்கலாம்.