யாப்பில் ஒரு வரி

குருநகர் சனசமூக நிலையம், காலை ஒன்பதரை.
யாப்புத் திருத்தம் பற்றி மக்கள் கருத்தறிய
கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள்.
ஆளுக்கு ஐந்து நிமிடம்.
குறிப்பெடுக்கக் கச்சேரியிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

திருத்தம் சிறியது, அரைப்பக்கம்.
அமைச்சர் கையெழுத்தில் பிறக்கும் எந்த ஒழுங்குவிதியும்
தொண்ணூறு நாளுக்குள் சபையேறி வாக்குப் பெறாவிட்டால்
செத்துப்போகும்.
தாளில் இருந்தது 'செயலிழக்கும்'.
செத்துப்போகும் என்றவர்
முதலாவதாய் எழும்பிய கடலட்டைக்காரர் நீக்கிலாஸ்.
நான் அப்படியே எழுதினேன்.

"மாப்பேணிக்கும் அடியில திகதி அடிச்சிருக்கு, ஐயா.
எனக்கும் ஒரு திகதி இருக்கு, ஆண்டவருக்குத் தெரியும்.
வர்த்தமானிக்கு மட்டும் ஏன் இல்லை?
சண்டைக்கெண்டு போட்ட விதி
சண்டை முடிஞ்சும் சம்பளம் எடுக்குது."

சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். பிறகு
மேசையிலிருந்த தண்ணீர்ப் போத்தலைத்
திருப்பி அடியைப் பார்த்தார்.

அடுத்தது ரூபவதி, ஐஸ் வாடி வைத்திருப்பவர்.
ஒரு பை நிறையக் கடிதம்.
பெமிற், பெமிற் புதுப்பிக்கச் சிபாரிசு,
சிபாரிசு செய்தவர் இடம்மாறிப் போனதால்
அவருக்குப் பதில் வந்தவரின் சிபாரிசு.
கடைசித் தாளை உயர்த்திக் காட்டினார்.
'பணிப்பின் பேரில்' என்ற வரி.
அதன் கீழே என் சுருக்கொப்பம்.
அவருக்குத் தெரியாது.
நான் நிமிரவில்லை, பேனை மட்டும் ஓடியது.

இருபத்தொரு வருடம் தட்டிய தாள்கள்.
என் மேலதிகாரி சொல்வார், "மேலே இருந்து வந்தது."
அவருக்கு மேலே இருப்பவரும் அதையே சொல்வாராம்.
தமிழ்ப் பிரதி மூன்று வாரம் பிந்தி வரும்.
அந்த மூன்று வாரத்துக்குள் பிடிபட்டவர்கள்
எந்த மொழியில் குற்றவாளியானார்கள்?
நான் கேட்டதில்லை.
கேட்பதற்குப் படிவம் இல்லை.

பள்ளியில் யாப்பு என்றால் அசை, சீர், தளை.
தளை தட்டினால் வெண்பா விழும்.
தளை என்றால் விலங்கும்தான்.
இத்தனை காலம் அது எங்கள் காலில் கிடந்தது.
இந்த அரைப்பக்கம் அதைக் கழற்றி
ஒரு பேனைக்குப் பூட்டப் பார்க்கிறது.
பூட்டுமா தெரியாது. பேனைக்குக் கால் இல்லை.

பதினொன்றரைக்கு மரியபுஷ்பம், பாசையூர்.
"எல்லாரும் கைதட்டுறியள், சரி.
தங்கூசி வலை கூடாதெண்டதும் ஒரு விதிதானே?
தொண்ணூறு நாளுக்குள்ள சபையில கை உயராட்டி
அடுத்த நாள் விடிய என்ர மீன்குஞ்சு எங்க?
அமைச்சற்ர கையைக் கட்டுங்கோ, வேண்டாமெண்டேல்லை.
கயித்தின்ர மற்றத் தலைப்பு
ஆற்ர கையில எண்டதை முதல்ல எழுதுங்கோ."

ஒருவரும் கைதட்டவில்லை.
என் படிவத்தில் இரண்டே நிரல்: ஆதரவு, எதிர்ப்பு.
"அம்மா, ஆதரவா, எதிர்ப்பா?" தலைவர் கேட்டார்.
"அதைக் கண்டுபிடிக்கத்தானே நீங்கள் வந்தனீங்கள்?"
நிரல்களுக்கு நடுவே இருந்த கோட்டின் மேல்
அவர் பெயரை எழுதினேன்.

பன்னிரண்டுக்கு வாசலில் ஒரு பொலிஸ்காரர்.
மரியாதையாகத்தான் நின்றார்.
ஒலிபெருக்கி அனுமதி பன்னிரண்டு மணி வரையாம்.
நீட்டிய தாளைத் தலைவர் இரண்டு தரம் வாசித்தார்.
போன செவ்வாய் நான் தட்டிய தாள்.

மைக் அணைந்தது. அதோடு பதிவுப் பொறியும்.
பதினொரு பேர் மிச்சம் இருந்தார்கள்.
உரத்துப் பேசினார்கள்,
வெளியே படகு மெசின் ஓட ஓட.
பாதி கேட்டது. கேட்காத இடத்தில்
புள்ளி வைத்தேன், நானாக நிரப்பவில்லை.

கடைசி ஆள் இருந்த பிறகு
பன்னிரண்டாவது இலக்கத்தைப் போட்டு
என் பெயரை எழுதினேன்: செ. கயல்விழி, எழுதுவினைஞர்.
எழுதுபவர் பேசக்கூடாதென்று ஒரு சுற்றறிக்கை
இருக்கக்கூடும். தமிழில் இன்னும் வரவில்லை.

எழும்பினேன். கையில் பேனை.
இனி யார் எழுதுவது?

நீக்கிலாஸ் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.
உப்பில் வெடித்த விரலால் பேனையை வாங்கினார்.

"ஆறுதலாச் சொல்லு பிள்ளை.
நான் ஏழாம் வகுப்பு."