பச்சை வட்டம்

புதுவயல். அரிசி ஆலைகளின் உமிப்புகை
முகாம் நடக்கும் பள்ளிக்கூட அறைக்குள்ளும் வந்து
கைக்கணினிகளின் கண்ணாடியில் படிகிறது.
ஒவ்வொருவர் உட்காரும் முன்பும்
துப்பட்டா நுனியால் துடைக்கிறேன்.
பரீட்சை என்று சொல்லக் கூடாது நாங்கள்,
விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும்.
அதைக் கேட்டு நேற்று ஒருவர் எழுந்தே போய்விட்டார்.

முப்பத்து நான்காம் எண், ராக்கப்பன்.
ஆலை எடைமேடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர்.
சட்டைப்பையில் இன்னும் இரண்டு பேனா,
ஒன்றுக்கு மூடி இல்லை.
பக்கத்தில் மனைவி நாச்சாள்,
கேஸ் புத்தகத்தால் விசிறிக்கொண்டு.

முதலில், கவிழ்த்த அட்டைகளில் ஜோடி தேட வேண்டும்.
பென்குயினைப் புரட்டினார்.
"காக்கா எதுக்குக் கோட்டு மாட்டிருக்கு?"
நான் சிரித்த நேரத்தையும்
அவருடைய தாமதமாகவே எழுதிக்கொண்டது அது.
விடை மட்டும் போதாது அதற்கு.
விரல் இறங்குமுன் தயங்கியது எவ்வளவு,
தவறான அட்டைக்கே திரும்பிப் போனது எத்தனை தடவை,
நொடியைப் பத்தாகக் கிழித்து வைத்துக்கொள்ளும்.

அடுத்தது கடை. அரிசி, வெல்லம், சோப்பு.
திரை கூட்டி முடிக்குமுன் தொகையைச் சொன்னார்.
"லோடுக்கு இருநூறு மூட்டை எடை போட்டவன் தாயி.
சாக்கு எடையையும் கழிச்சுச் சொல்லவா?"

மூன்றாவது, கோயிலிலிருந்து வீட்டுக்கு வழி.
ஒருமுறை காட்டிவிட்டு மறைத்துவிடும்.
முதல் முக்கில் விரல் நின்றது.
நாச்சாள் ஒரு தடவை விசிறினாள். இடது.
அடுத்த முக்கு. இரண்டு விசிறல். வலது.
தலைக்கு மேல் மின்விசிறி
சுழன்றுகொண்டுதான் இருந்தது.

வீடு வந்தது. திரையில் பூ கொட்டியது.
எண்பத்தொன்று. பச்சை வட்டம்.

வரிசையில் இன்னும் பத்தொன்பது பேர்.
'சமர்ப்பி' மேல் என் கட்டைவிரல்
எத்தனை நொடி நின்றதென்று
அது குறித்திருக்குமோ, தெரியாது.

"அம்மா, கொஞ்சம் வெளிய இருங்களேன்."

கேஸ் புத்தகத்தை மடியில் வைத்தாள். எழவில்லை.
"பங்குனியிலேர்ந்துதான்.
பால் வாங்கப் போனவரு மில்லு வாசல்ல போயி நின்னாரு.
மூணு தடவ.
மகன் திருப்பூர்ல. போன்ல நல்லாத்தான் பேசுவாரு.
நான் கூடவே இருந்தா ஒன்னுமில்ல தாயி."
அவர் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் போனாள், சைக்கிள் நிறுத்தும் இடம் வரை.
வேறு தெருக்கள், அதே கோயில்.
முதல் முக்கில் விரல் நின்றது.
நின்றுகொண்டே இருந்தது.
பிறகு தெருவை விட்டு இறங்கி
வழியே இல்லாத சாம்பல் வெளியில் நிதானமாக நடந்து
திரையின் ஓரத்தை ஓங்கித் தட்டினார்.
"கேட்டைத் திறக்கச் சொல்லு. லோடு வந்துருச்சு."

ஐம்பத்தாறு. மஞ்சள்.
அதற்கும் பூ கொட்டியது.
யார் மனமும் நோகக் கூடாதென்று
அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள்.

நாச்சாளைக் கூப்பிட்டு
மனப்பாடமானதை ஒப்பித்தேன்:
இது நோயென்று சொல்லவில்லை,
தைராய்டாக இருக்கலாம், சத்துக்குறைவாக இருக்கலாம்,
டாக்டர் பார்த்துத்தான் சொல்வார்,
வியாழக்கிழமை சிவகங்கை, எட்டரைக்குள் சீட்டு போடணும்,
காரைக்குடியில் பஸ் மாறணும்.
அவள் கேட்டது ஒன்றுதான்.
"இதுல ரெண்டு பேரு சேர்ந்து ஆடுற மாதிரி இல்லையா?"
இல்லை என்றேன்.

சீட்டை அவர் வாங்கிக்கொண்டார்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு எண்ணையும் பார்த்தார்,
லாரிச் சீட்டைப் பார்ப்பதுபோல.
"எண்பத்தொன்னு. அம்பத்தாறு.
இருபத்தஞ்சு கழியுது.
சாக்கு எடை ரொம்ப ஜாஸ்தியா இருக்கே தாயி?"

நாச்சாள்தான் முதலில் சிரித்தாள்.