கிரிஜிக்கு, பழைய லேப்டாப் வாங்கிய பிறகு

கிரிஜி,
கோத்தகிரிக் குளிரில் விரல் மரத்துப்போனால்
அந்த டச்பேட் உன்னைப் பிணமென்று நினைத்துக்கொள்ளும்.
கோபப்பட்டு அடிக்காதே.
டீ கிளாஸை இரண்டு நிமிஷம் பிடித்திரு,
பிறகு தொடு.

எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதென்றாய்.
கீழே இடது மூலையில் கன்ட்ரோல் என்று ஒரு கட்டை.
அதை அமுக்கிப் பிடித்தபடி பிளஸ்ஸைத் தட்டு.
இன்னொரு தட்டு. இன்னொன்று.
கண்ணாடிக் கடைக்காரன் கேட்ட நாலாயிரம் மிச்சம்.

வெளிச்சத்தைக் குறைத்து வை.
இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.
பதினெட்டு வருஷம் பிலிம் ஃபேக்டரி இருட்டறையில்
சுவரைத் தடவி நடந்து
இருமலை வைத்து ஆளைக் கண்டுபிடித்தவர்கள் நாம்.
உன் இருமல் இரண்டு துண்டு.
லூர்துமேரிக்கு ஒரே இழுப்பு.
இந்தத் திரை வெள்ளையாய் முகத்திலடிக்கும்போது
எனக்கு இன்னமும் உடம்பு பதறுகிறது,
ஐயோ, ரோல் முழுக்கப் போச்சே என்று.

நவம்பரில் நீ உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும்.
கைரேகை வைக்காதே. ரசாயனம் தின்ற விரல்.
நான் மூன்று முறை வைத்தேன்,
மூன்று முறையும் நான் இல்லை என்றது.
செல்போனில் முகத்தைக் காட்டுகிற வழி ஒன்று இருக்கிறது.
பத்து மணிக்கு மூடுபனி விலகும்,
அப்போது ஜன்னலைப் பார்த்து உட்கார்.
தலைத்துண்டைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளு.
கண் சிமிட்டச் சொல்லும், சிமிட்டு.
சிரிக்காதே. சிரித்தேன், மறுபடி முதலிலிருந்து.

பாஸ்வேர்டை நோட்டில் எழுதக் கூடாதென்பார்கள்.
எழுது.
அவரை விதை டப்பாவுக்குள் போட்டு மூடு.
எந்தத் திருடன் விதைக்கிறான்?
உன் டோக்கன் நம்பரை மட்டும் வைக்காதே,
நூற்றி நாற்பத்தேழு, எனக்கே தெரியும்.

இனி சொல்வதை யாரிடமும் சொல்லவில்லை.
போன வியாழன் ஒரு குரல். நல்ல தமிழ். அம்மா என்றான்.
ராத்திரி ஒன்பதரைக்கு உங்கள் கரண்ட் கட்,
பழைய பாக்கி பத்து ரூபாய்தான்,
இப்போது ஆறு எண் வரும், படியுங்கள்.
நல்ல மழை. ஃபிங்கர்போஸ்ட் பக்கம் ஏற்கெனவே இருட்டு.
நம்பினேன்.
ஏழு, என்றேன். பூஜ்யம். மூன்று. மூன்று.
சீக்கிரம் அம்மா, என்றான்.

அந்தச் சீக்கிரம்.
நினைவிருக்கிறதா, நைட் ஷிப்டில்
வெளியே நின்று யாரோ கதவை இடித்தது?
தீ, தீ, சீக்கிரம் திற என்று?
தாழ்ப்பாளுக்குப் போன என் மணிக்கட்டை
நீ எப்படித்தான் அந்த இருட்டில் பிடித்தாயோ.
தீயென்றால் மணி அடிக்கும், என்றாய்.
மணி அடிக்கவில்லை.
வெளியே நின்றவன் புது ஆள்,
பந்தயம் கட்டியிருந்தான், ஒரு பிளேட் பரோட்டாவுக்கு.
நாற்பது ரோல் தப்பியது.

ஐந்தாம் எண் நாக்கில் இருந்தது.
விழுங்கிவிட்டேன்.
அம்மா, அம்மா என்று கொஞ்ச நேரம் தட்டினான்,
பிறகு வேறு வார்த்தைகளால் தட்டினான்.
போனை வைத்துவிட்டு இருட்டிலேயே உட்கார்ந்திருந்தேன்,
லைட்டைப் போடாமல், பழக்கம்.

கரண்ட் ஒன்பதரைக்குப் போகவில்லை.
பதினொன்றே காலுக்குப் போனது, மரம் விழுந்து.

ஒன்று ஒன்பது மூன்று பூஜ்யம்.
பணம் போய்விட்டால் உடனே கூப்பிட வேண்டிய நம்பர்.
கதவுக்குப் பின்னால் சாக்பீஸில் எழுதியிருக்கிறேன். நீயும் எழுது.
இடி இடித்தால் பிளக்கைப் பிடுங்கு.

எனக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்.
தலைப்பைக் காலியாக விடாதே, திறக்க மாட்டேன்.
இருமல் என்று போடு.
இரண்டு தடவை.

அங்கே பீன்ஸ் கிலோ என்ன விலை?