நிறுத்தச் சொற்கள்

பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே
டயர்க் கடை மாடியில்
மரண சகாயச் சங்கத்தின் அலுவலகம்.
எட்டாயிரத்துச் சொச்சம் உறுப்பினர் அட்டைகளைப்
போன வருஷமே கணினியில் ஏற்றியாயிற்று.
ஏற்றியதைக் கண்டுபிடிக்கத்தான் வழியில்லை.

"நம்பர் சொன்னா வந்துரும்" என்கிறார்
செயலாளர் தணிகாசலம்.
சாவு வீட்டிலிருந்து வருகிறவர்கள்
நம்பரையா கையில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள்?

அதனால் என்னைக் கூப்பிட்டார்கள்.
உறுப்பினர் என்ற மாடலில்
ஒரு புதிய பத்தி திறந்தேன்.
பெயர், தகப்பன் பெயர், தோட்டம், டிவிஷன்,
கிராணி கிறுக்கிய குறிப்பு,
எல்லாவற்றையும் சொல் சொல்லாகப் பிய்த்து
அதற்குள் போட்டு இண்டெக்ஸை ஓடவிட்டேன்.
பெயருக்குக் கனம் அதிகம், குறிப்புக்குக் குறைவு.
அப்படித்தான் வைப்பது வழக்கம்.
ஆனால் குறிப்பில்தான் ஆட்கள் இருந்தார்கள்:
பாம்பு தீண்டி மூன்று வாரம் படுக்கை.
மழைக்காலம், சந்தா பாக்கி.
இவன் மனைவி வேறு பெயரில் இருக்கிறாள், விசாரிக்கவும்.

சோதனைக்கு 'ஏ/எல்' என்று தட்டினேன்.
ஐயாயிரம் பேர் வந்து நின்றார்கள்.
எல்லோரிடமும் இருப்பது
எவரையும் கண்டுபிடித்துத் தராது.
நிறுத்தச் சொல் பட்டியலில் சேர்த்துவிட்டேன்,
ஏ/எல், ஏ/பி, அனாக்.
மகன், மகள், பிள்ளை.
இந்த ஊரில் இனி யாரும் யாருக்கும் பிள்ளை இல்லை,
தேடும்போது மட்டும்.

இடப்பக்கம் வடிகட்டிகள்.
ஃபேசட் என்று எழுதியிருக்கும், எனக்கு வாயில் வந்தது பட்டை.
வைரத்துக்கும் உண்டு, பால்மரத்துக்கும் உண்டு.
கெம்பாஸ் தோட்டம் (1,096)
ஆயர் நீலா (412)
புக்கிட் தெராப், மூன்றாம் டிவிஷன் (7)
ஒன்றைத் தொட்டால் மற்றவற்றின் எண்கள் சுருங்கும்.
தணிகாசலம் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்,
தே ஆறிப்போகும்வரை.

கடைசியில் எழுத்துப்பிழை.
காதில் விழுந்ததைக் கிராணிமார் எழுதிவைத்த பெயர்கள்.
மூன்று மூன்று எழுத்தாக நறுக்கி
ஒன்றோடொன்று ஒப்பிட வைத்தேன்.
ஒற்றுமை அளவு: புள்ளி மூன்று.

திங்கட்கிழமை மாரிக்கண்ணு வந்தார்,
பிளாஸ்டிக் பைக்குள் மடித்த மரணச் சான்றிதழோடு.
"பேரு சடையப்பன்."
தட்டினேன்.

சடையப்பன், கெம்பாஸ்.
சாடியபான், ஆயர் நீலா.
சடேபென், புக்கிட் தெராப்.
மூன்று எண்கள். ஒரே மனைவி.
மூன்றுக்கும் சந்தா
போன மாதம்வரை கட்டியிருந்தது.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"தெரியாம கட்டிட்டாரோ?"

"தெரியாம என்ன," என்றார் அந்த அம்மாள்.
"எந்தக் கிராணியும் அவரு பேர ஒழுங்கா எழுதுனதில்ல.
செத்தா எந்தப் பேருல தேடுவானுங்களோ,
ஒன்னாவது அகப்படட்டும்னு
மூனையும் விடாம கட்டுனாரு."

நான் ஆறு வாரம் எழுதியதை
அவர் மாதம் பதினைந்து வெள்ளியில் செய்துவைத்திருந்தார்.

சங்கத்தின் சட்டம்: ஓர் ஆளுக்கு ஒரு தொகை.
அம்மாள் கையெழுத்துப் போட்டார், எண்ணி வாங்கினார்,
மற்ற இரண்டைக் கேட்கவில்லை.
தருவதாக நாங்களும் சொல்லவில்லை.

படியில் செருப்புச் சத்தம் இறங்கியதும்
தணிகாசலம் குனிந்து கேட்டார்:
"தம்பி, இது ஒன்னே ஒன்னு மட்டும் காட்ற மாதிரி
செய்ய முடியுமா?"

முடியும்.
புள்ளி மூன்றைப் புள்ளி ஏழாக்கினால் போதும்,
மூன்று பேரும் மூன்று பேராகவே பிரிந்து போய்விடுவார்கள்.

கீழே டயருக்குக் காற்றடிக்கும் சத்தம்.
மேசையில் ரசீதின் நகல் கிடந்தது,
அதில் முழுப் பெயர்,
நான் தள்ளிவைத்த ஏ/எல் நடுவில் இருக்க,
பக்கத்தில் அவன் அப்பன்.

"பார்க்கிறேன் அண்ணே" என்றேன்.
மாற்றாமல் சேமித்தேன்.