தேயாத அச்சு

ரெட்ரூத்தில் ஒரு வீட்டைக் காலி செய்தார்கள்.
பன்னிரண்டு பவுண்டு என்றார்கள், பத்துக்கு முடித்தேன்.
தையல் மெஷினின் சக்கரம்,
சைக்கிள் கம்பியை வளைத்த தண்டு,
குளிரும் பக்கத்துக்குக் கஸ்டர்டு பவுடர் டப்பா.
அடிப்பலகையில் ஆணிக் கீறல்:
ட்ரெலோர், மார்ச் 61.

சுட்ட காற்று விரியும், ஆறினால் சுருங்கும்,
சூத்திரம் அவ்வளவுதான்.
கொதிகலன் கிடையாது, நீராவி கிடையாது.
வெள்ளீயச் சுரங்கத்து நீராவியின்
பழம்பெருமை பேசியே பிழைக்கும் எங்கள் பக்கத்தில்
இது கொஞ்சம் துரோகம்தான்.

எனக்குப் பல்செட் செய்கிற வேலை.
பகலில் அடுத்தவர் வாய்க்குக் கடைவாய் செதுக்குவேன்.
இரவில் அதே அரம், அதே நுரைக்கல் தூள்,
துருவின் மேல்.

மூன்றாம் இரவு சூடேறும் முனையைச் சுரண்டினேன்.
கரி, நகக் கனத்துக்கு, ஏடு ஏடாக.
நூறு முறையாவது அடியில் விளக்கு எரிந்திருக்கும்.
ஆனால் அச்சைக் கழற்றி லென்சில் பார்த்தால்
கடைந்த அன்றைய கோடுகள்
அப்படியே இருக்கின்றன.
மயிரிழைகூடத் தேயவில்லை.

அரத்தைக் கீழே வைத்தேன்.

இது ஓடியதே இல்லை.

விளக்கு மேடையில் ஐந்து துளைகள், ஐந்து உயரங்கள்.
குற்றம் நெருப்பில் என்றே
நினைத்திருக்கிறார் மனிதர்.
திரியைக் கூட்டி, குறைத்து,
ஏற்றி, இறக்கி.

"பத்து பவுண்டு போச்சா?" என்றான் பெரன்,
டீக் கோப்பையோடு எட்டிப் பார்த்து.

இரண்டு மடக்குகளுக்கும் இடையே கால் சுற்று வேண்டும்.
இவர் வைத்தது அதில் பாதி, கொஞ்சம் சொச்சம்.
பிஸ்டனுக்குச் சுற்றிய தோல் வேறு
பழைய செருப்பாய் விறைத்திருந்தது.

தோலை எடுத்துவிட்டுக் கிராஃபைட் கடைந்து போட்டேன்.
உள்ளே ஆடும் உருளையைப் பாதி எடைக்குக் குறைத்தேன்.
தட்டில் புதிதாக ஒரு துளை.
பழைய துளையை அடைக்க ஈயம் உருக்கினேன்,
ஊற்றவில்லை.
டப்பாவின் நெளிவையும் நிமிர்த்தவில்லை.

ஞாயிறு காலை விளக்கேற்றினேன்.
சக்கரத்தைத் தள்ளிவிட்டேன், நின்றது.
மறுபடி தள்ளினேன், நின்றது.
பெரன்தான் விளையாட்டாய்
எதிர்ப்பக்கம் சுண்டினான்.

டக்.
டக் டக்.
அப்புறம் எண்ண முடியவில்லை.
மேஜை மேல் நடந்து வந்தது சனியன்,
கோப்பையை இடித்தது, டீயைக் கொட்டியது.
நாங்கள் இருவரும் கத்திய கத்தலில்
பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விளக்கை அணைத்த பிறகும்
மிச்சச் சூட்டில் அறுபது எழுபது சுற்று.

நாளை அச்சைக் கழற்ற வேண்டும்.
லென்சில் பார்க்க வேண்டும்,
எங்காவது, கொஞ்சமாவது
தேய்ந்திருக்கிறதா என்று.